இல்லாதவளுக்குப் பத்துப் புள்ளி

செப்பர்டன், அவுஸ்திரேலியா
13.08.2023

அன்புள்ள ராணி,

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. படித்து முடித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டு நிற்கிறவர்களுக்குப் புள்ளி போடுகிறார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, இங்கிலீஸுக்கு இவ்வளவு. நான் மாஸ்டர்ஸ் முடித்த வருஷம் என்னிடம் இருந்த புள்ளிக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொரோனா வந்து எல்லாம் நின்றது. இப்போது பத்துக் கூடுதலாகக் கேட்கிறார்கள். இங்கிலீஸில் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டேன். வயது ஏறினால் இருக்கிற புள்ளியும் குறையும். தற்காலிக விசா வருகிற மாசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கல்யாணமாகாதவனுக்குப் பத்துப் புள்ளி. பெண்டாட்டி இங்கிலீஸ் பரீட்சையில் தேறியிருந்தாலும் கொஞ்சம் உண்டு. உனக்கு அது சரிவரவில்லை. குறை சொல்வதாக நினைக்காதே.

நாம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. வந்து பதிவோம் வந்து பதிவோம் என்று ஐந்து வருஷம் போய்விட்டது. போன வருஷம் பெற்றோல் வரிசைக் காலத்தில் வந்தபோதும் முடியவில்லை. அது இப்போது உதவுகிறது. விண்ணப்பத்தில் தனியாள் என்று போடப் போகிறேன். பிள்ளைகள் என்ற இடத்தில் இல்லை என்று. நான் ஊரில் இல்லாததால் லக்ஷனாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எழுதாமல் விட்டார்களே, அதற்காக அன்றைக்கு எவ்வளவு சண்டை போட்டாய். நல்லதாகப் போயிற்று.

இனிமேல் வாட்ஸ்அப்பில் எழுதாதே. படம் அனுப்பாதே. பழையதை எல்லாம் அழித்துவிடு. ஒரு பையனின் போனையே விசா அதிகாரிகள் வாங்கிப் பார்த்துவிட்டார்கள் என்று இங்கே என்னோடு வேலை செய்கிற பசறை சுரேஸ் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் மட்டும் பேசுவேன். அப்போது உன் பெயரையும் பிள்ளை பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது. எழுத வேண்டியதைச் சுரேஸ் விலாசத்துக்கு எழுது.

மகள் குப்புற விழுகிறாளா? எழுது.

ரமணன்

---

மாரியம்மன் துணை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், மேற்பிரிவு லயம், பதுளை
05.09.2023

அன்புள்ள மச்சானுக்கு ராணி எழுதிக்கொள்வது,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். கிழிக்கவில்லை. எழுத்துள்ள கடதாசியை அடுப்பில் போடும் பழக்கம் எனக்கு இல்லை. அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கணக்கு எனக்குப் புரியும். வீட்டில் அரிசி பருப்புக் கணக்கு எழுதுகிறவள்தானே. நீங்கள் எழுதிய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். படிப்புக்கும் வேலைக்கும் வயதுக்கும் சேர்ந்து வராதது, நான் இல்லாமல் இருந்தால் வருகிறது. எனக்கு அவ்வளவு பெறுமதி இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

பதுளைக்கு இங்கிலீஸ் வகுப்புக்குப் போன நாட்களை நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பேப்பரையும் தேவாரப் புத்தகத்தையும் பார்த்து எழுத்துப் பழகியவள். என்றாலும் ஆசையோடுதான் போனேன். பரீட்சையில் அந்த அம்மா, எந்த இடத்துக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டார். கதிர்காமம் என்றேன். ஏன் என்றார். நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்பதற்கு என்னிடம் இங்கிலீஸ் இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறப்புச் சான்றிதழுக்காகச் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவாளர் கேட்டதை நீங்கள் கேட்கவில்லை.

"கல்யாணம் எங்க பதிஞ்சது?"

"கோயில்ல கட்டுனதுங்க."

"அது கோயிலுக்குச் சரி. எனக்குப் பேப்பர் வேணும். இல்லாட்டி அவரு வந்து கையெழுத்து வைக்கணும்."

"வெளிநாட்டுல இருக்காருங்க."

"எல்லாப் புள்ளைக்கும் அப்பா வெளிநாட்டுலதான்மா இருக்காங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்தக் கட்டத்தில் அவர் பேனாவால் ஒரு கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை அத்தையிடம் சொன்னேன். "அவன் பேப்பர்ல என்னத்தையும் எழுதிட்டுப் போறான். தாலி கட்டுனப்ப பக்கத்துல நின்னவ நான். என் கண்ணு அவிஞ்சு போகல" என்றார்கள்.

நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். சாமி கும்பிடும்போது உங்கள் பெயரை என் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வேன். அதை எந்த ஆபீஸும் கேட்கப் போவதில்லை.

மகள் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, வாசலைப் பார்க்கிறாள்.

உங்கள் ராணி

---

செப்பர்டன்
28.01.2024

அன்புள்ள ராணி,

கூப்பிட்டுவிட்டார்கள். விண்ணப்பம் போட்டாயிற்று. முடிவு வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் இடைக்கால விசா. இதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம். ஆகவே சித்திரைக்கும் இல்லை, தீபாவளிக்கும் இல்லை.

வேலை அதே கோழித் தொழிற்சாலைதான். குளிர் அறைக்குள் நாள் முழுக்க நிற்க வேண்டும். என் பக்கத்தில் நிற்கிற நேபாளக்காரன் கட்டட எஞ்சினியர். அந்தப் பக்கம் நிற்கிற பஞ்சாபிப் பெண் கணக்காளர். "கோழிக்கு எம்புட்டு மரியாதை பாரு மச்சான், எம்.எஸ்.சி. படிச்சவன்தான் தோலை உரிக்கணுமாம்" என்று சுரேஸ் சொல்வான். நேபாளக்காரனுக்குப் புள்ளி போதவில்லை. போன கிழமை புறப்பட்டான். சோறு ஆக்கும் குக்கரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஊரில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

நானும் அப்படித் திரும்பக் கூடாது. உன் அம்மனிடம் சொல்லி வை. நான் இங்கே எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. எனக்கும் சேர்த்து நீதான் கும்பிட வேண்டும்.

மகள் முகம் மனதில் நிற்கவில்லை. கடைசியாகப் பார்த்த படத்தில் நான்கு மாதப் பிள்ளை. இப்போது யார் ஜாடை?

ரமணன்

---

மாரியம்மன் துணை

ஸ்பிரிங்வெளி
29.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

திருவிழா நல்லபடியாக முடிந்தது. அம்மனிடம் சொல்லி வை என்று எழுதியிருந்தீர்கள். சொல்வதை முறையாகச் சொல்ல வேண்டும் என்று மூன்றாம் நாள் பூசையை நம்முடைய உபயமாக எடுத்தேன். பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பால்குடம் தூக்கினேன். பூசாரி பெயர் நட்சத்திரம் கேட்டபோது உங்களுடையதை முதலில் சொல்லி, என்னுடையதைச் சொல்லி, லக்ஷனாவுடையதையும் சொன்னேன். மூன்று பெயரும் ஒன்றாக ஒலித்தபோது மனதில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது.

கோயில் கமிட்டியார் இந்த வருஷம் கலரில் நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நான் பெயர் மட்டும்தான் கொடுத்தேன். அவர்கள் "ரமணன் – ஜீவராணி தம்பதிகள், அவுஸ்திரேலியா" என்று போட்டுவிட்டார்கள்.

"நான் எங்கங்க அவுஸ்திரேலியாவுல இருக்கேன்?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் போற புள்ளதானே. அழிச்சு அடிக்கவா சொல்ற?" என்றார் தலைவர்.

தண்ணீர்ப் பீலிக்குக் குடத்தோடு போனால் பரிமளம் எல்லோரையும் ஒதுக்கிவிடுகிறாள். "அவுஸ்திரேலியாக்காரிக்கு வழி விடுங்கடி, அவளுக்குப் பிளேனுக்கு நேரமாச்சு" என்கிறாள். மற்ற நேரம் இந்தக் கேலி சுடும். நோட்டீஸ் வந்த அன்றைக்கு நானும் சிரித்தேன். எழுத்தில் நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோட்டீஸ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வையுங்கள்.

மகள் உங்கள் ஜாடை. நெற்றி மட்டும் என்னுடையது. நடக்கத் தொடங்கிவிட்டாள்.

உங்கள் ராணி

---

செப்பர்டன்
01.06.2024

ராணி,

நீ அனுப்பிய அதே நோட்டீஸ் மறுபடியும் எனக்கு வந்திருக்கிறது. இந்த முறை அனுப்பியது குடிவரவுத் திணைக்களம். இங்கிலீஸில் மொழிபெயர்த்து, உன் பெயருக்கும் என் பெயருக்கும் கீழே கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தம்பதிகள் என்ற சொல்லுக்கு இரண்டு கோடு.

கோயில்காரர்கள் அதைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து எவன் எடுத்துக் கொடுத்தான் என்று தெரியாது. பத்துப் புள்ளி குறைந்த எவனாவது இருக்கலாம். இந்த வீட்டிலேயே ஆறு பேர் இருக்கிறோம். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

உன் பக்திக்கு ஓர் அளவே இல்லையா? எத்தனை முறை எழுதினேன். சேர்த்துப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் மனதுக்குள் சொல்லியிருக்கக் கூடாதா? அம்மன் என்ன செவிடா? என் விசாவுக்குக் கும்பிடப் போய் என் விசாவுக்கே கொள்ளி வைத்துவிட்டாய்.

பதில் சொல்ல இருபத்தெட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் பொய் சொன்னதாகத் தீர்ந்தால் இது மட்டுமல்ல, மூன்று வருஷத்துக்கு எந்த விசாவும் கிடையாது. அப்புறம் வயதும் போய்விடும். லயத்து வாசலில் வந்து நிற்பேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எம்.எஸ்.சி. கேட்க மாட்டார்கள்.

ஆகவே நீ ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். பதுளையில் அதை உறுதிப்படுத்தி முத்திரை வைக்கிற சமாதான நீதவான் யாரிடமாவது போ. எழுத வேண்டியது இவ்வளவுதான்: வீரசிங்கம் மகள் ஜீவராணியாகிய நான் ரமணனின் தாய்மாமன் மகள். எங்களுக்குள் கல்யாணம் நடக்கவில்லை. கோயில்காரர்கள் தவறுதலாகத் தம்பதிகள் என்று போட்டுவிட்டார்கள். முதல் வரி உண்மைதானே. அதை நினைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடு.

இது வெறும் கடதாசி, ராணி. உன் கழுத்தில் இருப்பதை எந்தக் கடதாசி அவிழ்க்கும்? அனுமதி கிடைத்த உடனே வந்து பதிவோம்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீயும் கூரியரிலேயே அனுப்பு. திட்டியதை மனதில் வைக்காதே. தூங்கி நாளாகிறது.

ரமணன்

---

மாரியம்மன் துணை

பதுளை
14.06.2024

மச்சானுக்கு,

கடதாசி இதோடு இருக்கிறது. கூரியர்க் கடையில் இருந்தே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முதலில் போனேன். கலாராணி டீச்சர்தான் நீதவான். நீங்கள் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வாசிக்கிறேன், கேட்டுக்க" என்று தொடங்கினார். "இந்துவாகிய நான், பயபக்தியுடனும் உண்மையுடனும் உறுதி கூறுவதாவது." அந்த முதல் வரியை நீங்கள் எழுதி அனுப்பவில்லை. எல்லாச் சத்தியக் கடதாசிக்கும் அதுதான் தொடக்கம் என்றார் டீச்சர்.

"டீச்சர், கீழ கல்யாணம் நடக்கலைன்னு இருக்குங்க."

"ஆமா. நடந்துச்சா?"

நான் கழுத்துப் பக்கம் சேலையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"நான் கேக்கல, நீ சொல்லவும் வேணாம். உண்மைன்னா போடு. இல்லாட்டி எந்திரி புள்ள, வெளியில ஆள் நிக்குது."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நீங்கள் சொன்ன நாட்களை எண்ணினேன். கடதாசி போய்ச் சேரவே ஒரு கிழமை வேண்டும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நீங்கள் திரும்பி வந்து வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தோன்றவில்லை. ஆனால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்த முகத்துக்குச் சோறு போட வேண்டும். அந்த நோட்டீஸால்தான் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இன்று மறுபடியும் போனேன். இரண்டு இடத்தை மாற்றி எழுதிக்கொண்டு போனேன். 'கல்யாணம் நடக்கவில்லை' என்பதை எடுத்துவிட்டேன். 'இன்று நான் அவருடைய மனைவி அல்ல. எங்களுக்குள் பதிவுத் திருமணமும் இல்லை' என்று போட்டிருக்கிறேன். கோயில்காரர்கள் மேல் பழி போட்ட வரியும் இல்லை. பெயர்களைக் கொடுத்தது நான், அவர் கொடுக்கச் சொல்லவில்லை, கொடுத்தபோது அவருக்கு அது தெரியாது என்று இருக்கிறது.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சரி, போடு" என்று பேனாவைக் கொடுத்தார். வெளியில் ஆள் நின்றும் அவசரப்படுத்தவில்லை.

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். பயப்பட வேண்டாம்.

ஜீவராணி

---

செப்பர்டன்
17.11.2024

என் ராணிக்கு,

வந்துவிட்டது. குளிர் அறையில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். கோழிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். பஞ்சாபிப் பெண் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நீ மாற்றி எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் விசா ஏஜன்ட் படித்துவிட்டு, இப்படி நேராக இருப்பதுதான் நல்லது என்றார். உன் மூளை மூளைதான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கோபம் இருக்கும். நான் எழுதியதும் கொஞ்சமல்ல. வந்து காலில் விழுகிறேன், போதுமா?

தை பிறந்ததும் வருகிறேன். ஒன்று மட்டும் கவனம். பழைய கல்யாணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இப்போதும் அது தெரிந்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே நல்ல நாள் பார்த்துப் புதிதாகக் கட்டுவது போலவே கட்டி, அன்றைக்கே பதிந்துவிடுவோம். பேப்பரில் 2025ஆம் ஆண்டுதான் கல்யாணம். அதை வைத்து உன்னை இங்கே எடுக்கலாம். லக்ஷனா விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். பிள்ளை இல்லை என்று போட்டுவிட்டேனே. நீ முதலில் வா, அவள் அம்மாவோடு இருக்கட்டும். பிறகு தத்தெடுத்த மாதிரி ஏதாவது செய்யலாமா என்று ஏஜன்டிடம் மெதுவாகக் கேட்கிறேன்.

பழைய தாலியை இப்போதே கழற்றிப் பெட்டியில் வை. படத்தில் புதியது மட்டும்தான் தெரிய வேண்டும். என்ன நிறத்தில் சேலை வேண்டும் என்று எழுது.

உன் ரமணன்

---

மாரியம்மன் துணை

ஸ்பிரிங்வெளி
10.12.2024

ரமணன் அவர்களுக்கு,

அனுமதி கிடைத்தது கேட்டு அத்தை அழுதார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அது உண்மை.

தாலியைக் கழற்றி வைக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆனி மாதத்திலிருந்தே அது என்னிடம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், டீச்சரிடம் போகும் முன்பு, குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அத்தையும் கூடவே வந்தார்கள். இந்துவாகிய நான் என்று தொடங்கி, இன்று நான் மனைவி அல்ல என்று சொல்ல வேண்டுமானால், சொல்லும்போது அது அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானே கழற்றித் தட்டில் வைத்தேன். பூசாரி கையை நீட்டவில்லை.

"என்ன புள்ள இது? அவன் உசுரோடதானே இருக்கான்?"

"இருக்காருங்க. அங்க இருக்கணும்னுதான்."

அவர் அத்தையைப் பார்த்தார். "வாங்கிக்கங்க சாமி. கட்டுறப்ப பாத்த கண்ணு இதையும் பாத்துட்டுப் போகட்டும்" என்றார்கள் அத்தை. அதை அவர் அம்மன் கழுத்திலேயே போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது.

இவ்வளவு நாளும் உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெயரை எடுக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அத்தை அதை மீறவில்லை.

லயத்தில் முதலில் என்னென்னவோ பேசினார்கள். நீங்கள் இறந்துவிட்டதாகவும், வெள்ளைக்காரியோடு போய்விட்டதாகவும் பேசினார்கள். இப்போது அடங்கிவிட்டது. பீலியில் பரிமளம் கேலி செய்வதில்லை. என்னைக் கண்டால் வழி மட்டும் விடுகிறாள்.

புதிதாகக் கட்டலாம் என்கிறீர்கள். பதிகிற இடத்தில் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். நடந்த வருஷத்தைச் சொன்னால் உங்களுக்குக் கிடைத்தது போய்விடும். வருகிற தையைச் சொன்னால், ஏழு வருஷமாக உங்கள் அம்மாவுக்கு நான் யாராக இருந்தேன்? லக்ஷனா யாருடைய பிள்ளை? நான் பெற்ற பிள்ளையை இங்கே விட்டுவிட்டு வந்து, பிறகு அவளைத் தத்தெடுக்க நான் கையெழுத்துப் போட வேண்டுமா? அந்தக் கடதாசிக்கும் முதல் வரி அதுதானே. ஒரு தடவைக்கு என்னிடம் கழற்றிக் கொடுக்க ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. குளிருக்குள் நின்று வாங்கிய அனுமதி. அதை வைத்துக்கொண்டு நன்றாக இருங்கள். உங்கள் கடிதங்கள் எல்லாம் அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்தன. நீங்கள் முதலில் சொன்னபடியே நேற்று அடுப்பில் போட்டேன். இனி அவற்றால் உங்களுக்கு ஆபத்து வராது. சேலை வேண்டாம்.

தைக்கு வாருங்கள். அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான் சமைத்து வைப்பேன். மாமன் மகள் வீட்டில் சாப்பிடுவதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

லக்ஷனா இப்போது வாசலில் யார் வந்தாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "யாரு?" என்று கேட்கிறாள். உங்களையும் கேட்பாள். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள். பிறகு மாற்றிச் சொல்ல வேண்டி வராத ஒன்றாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீரசிங்கம் மகள் ஜீவராணி